மீசையைப் பார்த்து நிறுத்திய இடம்

அந்தக் காலத்து ரோமாபுரிக் கோயில்களில் பாடவேண்டும் என்று, குரல் உடையுமுன்பே பையன்களைக் காயடித்துவிடுவார்களாம். பாவிகள்! வளர்ந்த பிறகும் அவர்களில் சிலருக்கு சொப்ரானோ என்ற பெண்களின் உச்சக் குரல், சிலருக்கு அதற்கு ஒரு படி கீழான ஆல்டோ. ஆனால் மூச்சு மட்டும் ஆம்பிளை மூச்சு. அப்படி ஒருவருக்காக எழுதிய ஆல்டோ பாட்டை, ஈஸ்டருக்கென்று எங்கள் பாடகர் குழுவின் கொயர் மாஸ்டர் தேவபிரசாதம், பெண்கள் பக்கம் ஆல்டோ பாடும் என் தலையில் கட்டினார். சுரமெல்லாம் எட்டியது. மூச்சு எட்டவில்லை. பத்துத் தடவை பாடி, பத்துத் தடவையும் பாதியில் நின்றேன்.

"இதுக்கு மேல என்னால முடியாது மாஸ்டர்!" என்று எரிந்து விழுந்தேன்.

அப்போது ஆண்கள் பக்கம், கட்டைக்குரல்காரர்களின் பேஸ் பெஞ்சிலிருந்து, நான் பாதியில் விட்ட வரி எழும்பியது. பெண்குரல் உயரத்தில், கண்ணாடி மாதிரி! பாடியது கடலில் மூச்சடக்கிச் சங்கு குளிக்கிற பெனிஸ்டன். கடைசி சுரம் வரை அவன் மூச்சே வாங்கவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"ஏலே, ஏழு வருஷமா ஏம்லே சொல்லல?" மாஸ்டர் கத்தினார்.

"நான் வாயத் திறக்கும் முன்னயே, மீசையப் பாத்து பேஸ்ல நில்லுன்னு சொல்லிட்டியளே மாஸ்டர்."

எந்த ஆணும் உட்காராத பெண்கள் பெஞ்சில் நான் நகர்ந்து இடம் விட்டு, அவனைக் கூப்பிட்டேன்.

"இங்கன வாலே!"