ஏரிக்குள் போன வண்டி

பொழுது விடியும்போதே கெங்கம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக் குப்பம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, அவள் புருஷன் ரங்கன் மாம்பலத்திலிருந்து சாந்தோம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடினான், லூயிசா நர்சம்மாவைக் கூட்டிவர. வழியில் நின்று மூச்சு வாங்கக்கூட மனசு வரவில்லை. எப்படி வரும்? நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் பிரசவத்தில் இதே நர்சம்மா வந்து சேருவதற்குள் குழந்தை போய்விட்டது. அப்போது ஐப்பசி மழை, வீட்டுக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் நடுவிலே ஏரி கரை தளும்பி நின்றது, தோணி இறக்க வழியில்லை. சைதாப்பேட்டையைச் சுற்றிக்கொண்டு வண்டி வந்து நின்றபோது, கெங்கம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தக் கிடப்பை ரங்கன் இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்த ஏரியில் வலை வீசிப் பிழைத்தவன்தான் அவன். கெண்டையும் கெளுத்தியும் கூடை கூடையாக அள்ளினவன். அதற்கடுத்த வருஷமே துரைமார் வந்தார்கள், கரையை வெட்டினார்கள், தண்ணீரை வடித்தார்கள், ஊர் கட்டப்போகிறோம் என்று முளை அடித்தார்கள். அன்றைக்குப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தவன் நிறுத்தவேயில்லை. "எவன் ஏரியை எவன்டா வித்தது? உருப்படுவானுங்களா?" என்று தினம் ஒரு பாட்டம். திட்டினால் வயிறு நிறையுமா? கடைசியில் அதே ஏரிக்குள் ரோடு போடுகிற வேலைக்கு ஜல்லி சுமக்கப் போனான். சுமந்துகொண்டே திட்டினான். மேஸ்திரிக்கே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

நர்சம்மா தயாராகத்தான் இருந்தாள். வெள்ளைச் சேலை, தோல் பை, கழுத்தில் சிலுவை. மயிலாப்பூர் குளத்தோரம் ஜட்கா வண்டி வைத்திருந்த கரீமுல்லாவைப் பிடித்தார்கள். ரங்கன் முன்னால் தொற்றிக்கொண்டு, "வெரசா ஓட்டு பாய், உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். வண்டி மவுண்ட் ரோட்டைத் தொட்டது. குதிரை யாரையும் கேட்காமல் இடது பக்கம், சைதாப்பேட்டை வழியில் திரும்பியது. கரீமுல்லா சவுக்கைத் தட்டினான். ரங்கனும் "அப்டித்தான், அப்டித்தான்" என்றான்.

கொஞ்ச தூரம் போனதும் நர்சம்மா தலையை வெளியே நீட்டினாள்.

"எங்கே போறோம் ரங்கா?"

"சைதாப்பேட்டை சுத்திக்கினு போனாத்தானே நர்சம்மா வூடு?"

"எதைச் சுத்திக்கிட்டு?"

"ஏரியைத்தான்."

"எந்த ஏரியை?"

ரங்கன் தலையைத் திருப்பிப் பார்த்தான். சொன்னால் சிரிப்பீர்கள். வலது கைப் பக்கம் கரை நீளமாகக் கிடக்கிறது. கரைக்கு அந்தண்டை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கரையை வெட்டி உள்ளே விட்ட ரோட்டுக்கு இவன்தான் தலையில் ஜல்லி சுமந்தான். முந்தாநாள் வரைக்கும் சுமந்தான்! காலையில் ஓடி வந்தபோதும் அந்த ரோட்டை விட்டுவிட்டுக் கரையோடு சுற்றித்தான் ஓடி வந்திருக்கிறான். அவனை மட்டும் சொல்வானேன், அந்தப் பக்கத்து ஜனம் முழுக்க அப்போது அப்படித்தான். தண்ணீர் வடிந்து மூணு வருஷம் ஆகியும், அவசரமென்றால் கால் தானாகச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

"ஐயோ! திருப்பு பாய், திருப்பு! நான் ஒரு மடையன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கரீமுல்லா கடிவாளத்தை இழுத்துவிட்டு முழித்தான். "அரே, ஏரிக்குள்ளயா? வண்டி பொதைஞ்சுடும் நைனா. என் வாப்பா காலத்துலேருந்து ஒருத்தனும் எறங்கினதில்ல."

"பொதைஞ்சா நான் தூக்கறேன். திருப்பு!"

கரை வெட்டின இடத்தில் குதிரை முரண்டு பிடித்தது. கரீமுல்லா இறங்கி அதன் கண்ணைத் துண்டால் மூடி, காதுக்குள் என்னவோ சொல்லி உள்ளே நடத்தினான். பாதி தூரம் வரைக்கும் ஜல்லி நன்றாகக் கெட்டித்திருந்தது. அதற்கப்பால் ரோடு இன்னும் போட்டு முடியவில்லை. கறுப்புக் களிமண். சக்கரம் அரை முழம் இறங்கி நின்றுவிட்டது.

"நான் சொன்னேனா இல்லியா?" என்றான் கரீமுல்லா.

நர்சம்மா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டாள், சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள், இறங்கி நடந்துவிட்டாள். ஐம்பது வயசு மனுஷி! ரங்கன் பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். எந்த இடத்தில் பள்ளம், எங்கே உளைச் சேறு என்று அவனுக்குத்தானே தெரியும்; இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வலை போட்ட இடமாயிற்றே. "இப்டி வா நர்சம்மா, அங்க காலு வெக்காத, அது சேறு" என்று வழி சொல்லிக்கொண்டே போனான்.

வீட்டு வாசலில் குப்பம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "சீக்கிரம் வாம்மா, தலை தெரியுது, ஆனா வரமாட்டேங்குது" என்றாள். நர்சம்மா காலைக்கூடக் கழுவவில்லை. கையை மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ரங்கன் வெளியே குந்தினான். உள்ளே கெங்கம்மா கத்தினாள். அப்புறம் சத்தமே இல்லை. அந்த நேரத்தில் அவன் எந்தச் சாமியைக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. மாதாவையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருப்பான்.

வீல் என்று ஒரு குரல் கேட்டது. நல்ல கனமான குரல், தெரு முழுக்கக் கேட்கிற குரல்.

நர்சம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "பொண்ணு. கெங்கம்மா சௌக்கியமா இருக்கா. கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டிருந்துச்சு ரங்கா. இன்னும் கால் மணி போயிருந்தா நான் வந்தும் பிரயோஜனம் இல்லே."

ரங்கன் ஓவென்று அழுதான். தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

"என்னடா இது, பொண்ணு பொறந்ததுக்கா அழறே?"

"அய்ய, இல்ல நர்சம்மா." மூக்கைத் துண்டில் சிந்தினான். "அந்த ஏரியை வத்த வெச்சவனுங்களை மூணு வருஷமா வயிறெரிஞ்சு திட்டிக்கினு கீறேன். இன்னிக்கி அதுல தண்ணி இருந்திருந்தா எம் பொண்ணு..." அழுகையும் சிரிப்புமாகக் கேட்டான்: "இனிமே நான் யாரைத் திட்டறது?"

"முதல்ல கையைக் கழுவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கு. நாளைக்குத் திட்டிக்கலாம்" என்றாள் நர்சம்மா.

மூன்று தரம் கழுவினான். நகத்து இடுக்கில் ஏரிக் களிமண் போகவேயில்லை. போதும் என்று நர்சம்மாவே குழந்தையை அவன் கையில் வைத்தாள்.