எனக்கு எழுதின ஒப்பாரி

எனக்கு வைத்த ஒப்பாரியை நான் வாசலில் நின்று கேட்டேன்.

விளக்கு வைக்கிற நேரம். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே பேத்தி உலகம்மை இழுத்து இழுத்துப் பாடினாள்.

"மெயினருவி ஓரத்துல
எண்ணெய்க் கிண்ணி வச்சவரே,
ஊரு முதுகு தேய்ச்சுத் தேய்ச்சு
உள்ளங்கை தேஞ்சவரே,
சாரல் முடியு முன்னே
சாஞ்சு போனீரே..."

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். அய்யாத்துரை என்று பெயரைப் போடவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

எங்கள் பக்கம் சாவு விழாத வீட்டில் ஒப்பாரியை முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். நன்றாகப் பாடுகிற பொம்பளைகளிடம் சொல்லிக்கொடு என்று கேட்டால், வயக்காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த்தான் பாடிக் காட்டுவார்கள். வீட்டுக்குள், அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பிள்ளை பாடுகிறது என்றால் ஒன்று அதற்குக் கிறுக்கு, இல்லை அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது. உலகம்மைக்குக் கிறுக்கு இல்லை. எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை.

அப்படியானால் தெரிந்திருக்கிறது.

எனக்குப் பித்தப்பையில் கல். போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மீசை சரியாக முளைக்காத பையன். என்னை மட்டும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மருமகள் வள்ளித்தாயிடம் பேசினான். கதவைத் திறந்து வந்தவள், "சின்ன ஆபரேஷன்தான் மாமா, வியாழக்கிழமைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். சின்ன ஆபரேஷனுக்கு எதற்கு மூக்கைத் துடைக்கிறாள்? மஸ்கட்டிலிருந்து மகன் பாண்டியராஜ் போன் போட்டு, "பயப்படாதீங்கப்பா" என்றான். நான் பயப்படுகிறேன் என்று இவனிடம் யார் சொன்னது? பயப்படாதே என்று ஒருத்தன் மெனக்கெட்டுச் சொன்னால், பயப்பட வேண்டியது ஏதோ இருக்கிறது.

இப்போது ஒப்பாரியும் தயார். பிறகு ஆபரேஷன் எதற்கு? ஊருக்குக் காட்டவா? பார்க்கிறதைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளவா?

செருமினேன். பாட்டு பட்டென்று நின்றது. உள்ளே போனபோது உலகம்மை ஒரு தாளைப் புத்தகத்துக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி பாடுத?"

"ஸ்கூல் பாட்டு தாத்தா."

அடுக்களையிலிருந்து மருமகள், "சாப்பிட வாங்க மாமா" என்றாள். குரலில் ஒரு கரிசனம். போன மாதம் வரை அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதே தட்டைச் சத்தமாக வைத்துத்தான். இட்லியைப் பிட்டேன், இறங்கவில்லை. உட்காரவும் முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தேன்.

அங்கே பக்கத்து வீட்டுப் பால்வண்ணநாதன் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, வியாழக்கிழமையாம்லா? நல்லபடியாப் போயிட்டு வாங்க."

"எங்க போயிட்டு?"

"ஆஸ்பத்திரிக்குத்தான்."

"நான் வேற எங்கயோன்னு நெனச்சேன்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அந்த மனுஷன் யாருக்காவது டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

அங்கேயே முடிவு பண்ணினேன். புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் பண்பொழிக்குப் பஸ் ஏறிவிட வேண்டியது. அங்கே தங்கச்சி வீடு இருக்கிறது. எப்படியும் போகிற உயிர் முழு உடம்போடு போகட்டும், அறுத்துத் தைத்து அனுப்ப வேண்டாம். கடைக்குப் பின்னால் நின்று தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொன்னேன்.

ஆனால் ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நாள் என்று சொல்லியிருப்பான் அந்த டாக்டர்ப் பையன்? மருமகளிடம் கேட்டால் மழுப்புவாள். மகனிடம் கேட்டால் அவன் அவளைக் கேட்பான். பிள்ளைகள் வீட்டில் மறைப்பதை டீச்சரிடம் கொட்டிவிடும். மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூட வாசல் என்றால் இப்போதும் எனக்கு ஒரு வெறுப்பு உண்டு.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் கொட்டை எழுத்தில் தாலாட்டு, ஒப்பாரி, ஏசல், ஹைக்கூ என்று எழுதிப் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடைசியில் இருந்தது என்ன வஸ்து என்று தெரியவில்லை.

"தமிழ் டீச்சர் யாரு?"

முக்காடு போட்ட சின்ன வயசுப் பெண் திரும்பினாள். ஜுஹைனா டீச்சர் என்று உலகம்மை வீட்டில் ஓயாமல் சொல்வது இவளைத்தான்.

"நான்தான் ஐயா. நீங்க?"

"செத்துப்போன ஆளு."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. உலகம்மை மட்டும் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள். டீச்சர் என்னை வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க வீட்டுல ஒப்பாரி வழக்கம் உண்டுமா?"

"கிடையாது ஐயா. எங்க உம்மா கேட்டா ஏசுவாங்க. பாடத்துல இருக்கு, நடத்தணும்லா."

"பாடத்துல இருந்தா எதையும் நடத்திருவியளோ?"

"தாலாட்டும்தான் இருக்கு. யாருக்கு எந்தப் பாட்டுன்னு சீட்டு எடுத்தாங்க. உலகம்மைக்கு ஒப்பாரி விழுந்துச்சு. உயிரோட இருக்கிற ஆளைப் பத்தி எழுதக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் ஐயா. வெட்டுன மரம், உடைஞ்ச சாமான், அப்படி எழுதுங்கன்னேன். முஃபீத்னு ஒரு பையன், டிஸ்ப்ளே போன செல்போனுக்கு எழுதிருக்கான். கேட்டா உங்களுக்கே அழுகை வந்துரும்."

எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. "இவ மட்டும் ஏன் எனக்கு எழுதுனா? அவ அம்மா உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கா? மறைக்காதீய."

"சத்தியமா ஒண்ணும் தெரியாது. அவகிட்டயே கேட்டிருவோம். ஏ உலகு, இங்க வா. அந்தத் தாளையும் கொண்டா."

வந்தாள். கண்ணில் பயம் இல்லை, கடுப்பு இருந்தது.

"நான் சாகப்போறேன்னு உனக்கு எவட்டி சொன்னா?"

"டாக்டர் சொன்னாரு. நானும் அம்மாகூட உள்ளதான நின்னேன்."

வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன சொன்னாரு? சொன்னபடி சொல்லு."

"ஆபரேஷன் பண்ணாட்டி சீழ் பிடிச்சு ஆளு போயிருவாருன்னு சொன்னாரு. பண்ணிட்டா ஒண்ணும் பயமில்லயாம். நல்லாருப்பாராம்."

"பெறகென்னட்டி?"

"நீதான் போமாட்டயே."

"போமாட்டேன்னு நான் சொன்னேனா?"

"கண்ணு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனப்ப பாத்ரூம் போறேன்னுட்டுப் பழைய குற்றாலத்துக்குப் பஸ் ஏறிட்ட. அம்மா ஆஸ்பத்திரி பூராத் தேடுனா. இப்பயும் பண்பொழி ஆச்சிக்கு நேத்து ராத்திரி போன் போட்டுருக்க. ஆச்சி அப்பவே அம்மாட்ட சொல்லிட்டாங்க."

கூடப் பிறந்தவளும் அப்படித்தான். யாரை நம்ப?

"எப்படியும் வேண்டியதுதானன்னு எழுதுனேன்" என்று முடித்தாள். "மார்க்கும் கிடைக்கும்."

"உலகு!" என்று டீச்சர் அதட்டினாள்.

"அதட்டாதீய" என்றேன். "படிக்கட்டும். முழுசாக் கேக்கணும்."

ஜன்னலில் அதற்குள் தலைகள் முளைத்துவிட்டன. உலகம்மை தாளை மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். நேற்று வாசலில் கேட்டதைத் தாண்டி நிறைய இருந்தது.

"டாக்டரத் திருடம்பீரே,
நர்சம்மாவக் கள்ளிம்பீரே,
காப்பியில என்னத்தையோ
கலந்துட்டான்னு சொல்லுவீரே,
ஆரையுமே நம்பாம
ஆத்தோட போனீரே..."

"நான் எங்கட்டி ஆத்தோட போனேன்?"

"அது மோனைக்கு தாத்தா. 'ஆ'வுக்கு 'ஆ' வரணும்."

"மோனைக்காக என்னைய ஆத்துல விட்டுருவியா?"

ஜன்னலில் ஒரே சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பென்சிலால் 'போனீரே' என்று வருகிற இடங்களை மட்டும் லேசாகக் கோடு போட்டு அடித்தாள்.

"இது ஒப்பாரியே இல்லட்டி. இந்த வரிகளை எடுத்துட்டா இது ஏசல்."

ஏசல் எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் பொண்ணு வீட்டுக்காரிகள் மாப்பிள்ளையை உட்கார வைத்துக் கிழிப்பார்கள்.

"ரெண்டுலயும் ஒரு ஆளைப் பார்த்துத்தான் பாடுதோம்" என்று பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "ஒப்பாரியில அந்த ஆளுக்குக் கேக்காது. ஏசலுக்கு ஆளு எதிர்ல உட்காந்திருக்கணும். காதுல விழணும். கோவம் வரணும். இல்லன்னா அது ஏசலே கிடையாது."

"அப்ப நான் எடுத்த சீட்டு?"

"மாத்தித் தாரேன். வெள்ளிக்கிழமை எதைக் கொண்டுவந்தாலும் மார்க் போடுதேன். ஒப்பாரின்னா ஒப்பாரி, ஏசல்னா ஏசல்."

இதைச் சொன்னபோது டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. உலகம்மை திரும்பினாள். கண் எடுக்காமல் பார்த்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இருப்பதா போவதா என்பதற்கு இரண்டு பொம்பளைப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கெடு வைக்கிறார்கள். "ரெண்டு பேரும் முன்னாலயே பேசி வச்சிட்டுச் செய்யுதியளா?" என்று கேட்டேன். டீச்சர் இல்லை என்றாள். நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

அன்றைக்குப் பகலெல்லாம் காலில் சக்கரம். சந்தைப் பக்கம் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. குற்றாலத்துக்குப் போனேன். அருவியில் நல்ல கூட்டம், நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்க்கிற பையன்கள், "உட்காருங்க அண்ணாச்சி, சும்மா தேய்ச்சு விடுதோம்" என்றார்கள். சும்மா ஏன்? இவர்களுக்கும் தெரியுமா? எழுந்து வந்துவிட்டேன். ராத்திரி வலது விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடித்தது. யாருக்கும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம் வேட்டி, துண்டை ஒரு பையில் திணித்துக்கொண்டு தென்காசி பஸ் ஸ்டாண்டில் செங்கோட்டை வண்டியில் ஏறினேன். அங்கே இறங்கிப் பண்பொழிக்கு மாறிக்கொள்ளலாம். ஜன்னல் சீட்டு கிடைத்தது. தடுக்க யாரும் வரவில்லை. அது ஒரு மாதிரி இருந்தது. மருமகள் நான் பையோடு வெளியே வருவதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. போவான் என்று அவளுக்குத் தெரியும். பண்பொழிக்காரிக்குத் தெரியும். அந்தப் பிள்ளை எழுதியே வைத்துவிட்டது.

பஸ் கிளம்பியது. டீச்சர் அடித்துவிட்ட வரிகள்தான் என் மண்டைக்குள் ஓடின. ஆரையுமே நம்பாம ஆத்தோட போனீரே. ஜன்னலோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எழுதினபடியே நான் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த வயசு வரைக்கும், இவன் இப்படித்தான் செய்வான் என்று ஒரு பயல் சொல்லி, அதை நான் செய்ததில்லை. வீம்புக்காவது மாற்றிச் செய்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்ட கோட்டில் போகவா நான் இவ்வளவு நாள் இருந்தேன்?

பாதி வழியில், பிரானூரில் எழுந்து நின்று, "நிறுத்துப்பா" என்று கத்தினேன். கண்டக்டர், "டிக்கெட் செங்கோட்டைக்குல்லா எடுத்திருக்கீரு" என்றான். "உனக்கென்னலே நஷ்டம்?" என்று இறங்கினேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒன்றுக்கு இரண்டு தடவை அது என் பெயருக்கு வந்த ஊசிதானா என்று கேட்டேன். நர்சம்மா சலித்துக்கொண்டாள். மருமகள் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள், பாத்ரூமுக்குப் போனாலும் பின்னாலேயே வந்தாள். அந்த டாக்டர்ப் பையன் தலைமாட்டில் நின்று, "பயப்படாதீங்க" என்றான். "சோலியப் பாரும்" என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் உலகம்மை யூனிபாரத்தோடு வார்டுக்கு வந்தாள். வாய் உலர்ந்து கிடந்தது. மருமகள் பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டில் வைத்தாள்.

"எதக் குடுத்தட்டி?" என்றேன்.

"ஏசல்தான். டீச்சர் இன்னும் திருத்தல."

"அந்த ஒப்பாரி?"

"வச்சிருக்கேன்."

"அது எதுக்கு?"

"எப்பயாவது வேணும்லா."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து தாளை எடுத்தாள். "புதுசாக் கொஞ்சம் சேத்துருக்கேன். நீ கேட்டாத்தான் இது கணக்கு."

"இங்கன வேண்டாம்ட்டி, மானம் போயிரும்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி எடுத்தாள்.

"வயித்துக் கல்ல எடுத்தாச்சு,
வாய்க்கொழுப்ப எடுக்கலயே,
ஊசி போட வந்தவள
ஊரு பேரு கேட்டவரே..."

நர்சம்மா மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வரிசையாகக் கட்டில்கள் குலுங்கின. என்னையறியாமல் எனக்கும் வந்துவிட்டது. தையல் சுரீரென்று இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துட்டீ, வலிக்கி" என்று கத்தினேன்.

பக்கத்துக் கட்டில்காரர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "அந்த ஆளக் கெடக்கச் சொல்லு, நீ படி தாயி" என்றார்.

உலகம்மை தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.