எண்ணப்படாத கை

மலைநாட்டில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமியின் வலது கை, கொழும்பில் நடந்த கம்பெனிக் கூட்டத்தில் மேலே உயர்ந்தது. அதன் பிறகு இறங்கவே இல்லை. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடத்துக்கு அடுத்த வருடம் அது. ரூபாய் படுத்துவிட்டதால், தேயிலையை டாலருக்கு விற்கிற கம்பெனிகளுக்கு அப்போது நல்ல யோகம்.

தோட்டங்கள் கம்பெனிகளிடம் போன காலத்தில் தொழிலாளர்களுக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்திருந்தார்கள். பல தோட்டங்களில் அதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். இந்தத் தோட்டத்துக்கு வாங்க யாரும் வராததால் பங்கு தப்பியது. ஆகவே வந்த லாபம் முழுவதையும் பங்குக்காரர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்ததும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நாகலெட்சுமிக்கு மட்டும் வயிறு எரிந்தது. லயத்துக்கே சோறு போடுகிற ஏழாம் நம்பர் மலையில் இருந்தவை வெள்ளைக்காரன் காலத்துச் செடிகள், பாதி பட்டுப்போய்விட்டன. லாபம் வந்த வருடத்தில் புதுக் கன்று நடாவிட்டால் வேறு எந்த வருடத்தில் நடப்போகிறார்கள் என்று அவள் கேட்டாள். பங்குப் பணம் வேண்டாமென்று சொல்லும் பங்குக்காரியை அந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை, பைத்தியம் என்றார்கள்.

அவள் பக்கம் நின்றவன் புருஷன் சோலைமலை ஒருவன்தான். கையைத் தூக்கி ஓட்டெடுத்தால் மலைமலையாய்ப் பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரு கை, ஒற்றைப் பங்குக்காரனுக்கும் ஒரு கைதான் என்று விசாரித்து வந்தவனும் அவனே. ஒரு பஸ் ஆள் போனால் ஜெயித்துவிடலாம். வீடு வீடாகப் போய்ப் பேசி, எல்லோரையும் கோயிலுக்குக் கூட்டிவந்து, சூடம் அடித்துச் சத்தியம் வாங்கினான். முதல் சூடத்தை அவனே அடித்தான்.

மண்டபத்தில் டயகமக் குளிரைத் தோற்கடிக்கும் ஏசி. கம்பெனி செலவில் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பார்சல், ஒரு புதுக் குடை. பணத்தைப் பிரிப்பதற்கு எதிரானவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் கம்பெனித் தலைவர். நாகலெட்சுமி தூக்கினாள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். சோலைமலை இரண்டு கையாலும் குடையைப் பிடித்துக்கொண்டு அதன் கைப்பிடியை ஆராய்ந்துகொண்டிருந்தான். பஸ்ஸில் வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் குடைகளைப் பார்த்தார்கள். அவள் கையை யாரும் எண்ணவில்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று தலைவர் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். கை மேலேயே நின்றுவிட்டதால் அவளால் தட்ட முடியவில்லை.

அடுத்த மாதம் சோலைமலைக்கு ஏழாம் நம்பர் மலையைக் காவல் காக்கும் வாச்சர் வேலை கிடைத்தது. பஸ் புறப்படுவதற்கு முந்திய நாளே தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அவனைக் கூப்பிட்டுப் பேசி முடித்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பாவி, சூடத்தின் சூடு ஆறுவதற்குள் விற்றுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் எலும்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். பூசாரி விபூதி போட்டார். விபூதி கொட்டியது, கை இறங்கவில்லை. ஒற்றைக் கையால் பறித்ததில் கொழுந்து எடை குறைந்தது. அரைப்பேர் என்று பாதிச் சம்பளம் போட்டார்கள். கையைத் தூக்கியபடியே சமைத்தாள், தூங்கினாள். அவள் ரோட்டில் நடக்கும்போதெல்லாம் மறிக்கிறாள் என்று பஸ் நின்றது. கண்டக்டர் முதலில் ஏசினான், பிறகு விட்டுவிட்டான்.

இரண்டு வருடத்தில் ஏழாம் நம்பர் மலை காடாகிப் போனது. கம்பெனி அதைக் கைவிட்டது. காவல் காக்க ஒன்றும் இல்லாததால் வாச்சரையும் நிறுத்தியது. அன்று சாயங்காலம் சோலைமலை லயத்து வாசலில் அவள் முன்னால் வந்து நின்றான்.

"கைய எறக்கு புள்ள."

"எண்ணாம எப்படிங்க எறங்கும்?"

அவன் அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்தான். "ஒண்ணு," என்றான்.

"ரெண்டுங்க," என்றாள் நாகலெட்சுமி. "ரெண்டுன்னு நம்பித்தான் நான் தூக்குனேன்."

கை அசையவில்லை. மறுநாள் காலை அவள் அடுத்த மலைக்கு வேலைக்கு நடந்தபோது பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. வழக்கம்போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் போனது.