விலகிப்போன கடல்

வாருங்கள் கண்மணிகளே, கைவேலையை ஒதுக்கிவிட்டு என் பக்கத்தில் நெருங்கி உட்காருங்கள். ஓர் உல்லாசப் பயணத்தின் கதை சொல்கிறேன். சிரித்துக்கொண்டு புறப்பட்ட பயணம்தான். ஆனாலும் மனத்தைக் கெட்டியாக்கிக்கொண்டு கேளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் ரயில்வே கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் சீவரத்தினம் என்றொரு கிராணி இருந்தார். யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர். மனைவி புனிதவதி வேலணைத் தீவில் பிறந்தவள். கடல்கடந்து இந்த நாட்டில் கப்பலை விட்டு இறங்கிய நாள்முதல் அவள் கண்டதெல்லாம் ரயில் புகையும் சூளைப் புகையும்தான். ஊரில் தகப்பன் இறந்தபோதும் போக வழியில்லை. அதனால் ஆடி அமாவாசைக்குக் கணவருக்கு லீவு கிடைத்ததும் பிடிவாதம் பிடித்தாள்.

"அப்பாவை நினைச்சுக் கடலிலை ஒருக்கா முழுகவேணும். அப்பிடியே இந்த நாட்டுக் காடு, கரையெல்லாம் பார்த்துக்கொண்டு வருவம்."

கிள்ளான் வரைக்கும் ரயில். அங்கிருந்து தம்புசாமி என்பவரின் வாடகைக் காரில் மோரிப் கடற்கரைக்கு. ரப்பர்த் தோட்டம் முடிந்ததும் வானத்தை மறைக்கும் காடு. மரத்துக்கு மரம் குரங்கு. மூன்று வயது மகன் பாலன் காருக்குள் நின்றபடியே கைதட்டினான்.

"ஐயா, புலி வந்தா காரை நிறுத்தவா?" என்றார் தம்புசாமி.

"நிறுத்தி ஏத்தும். எங்கடை கந்தோரிலை ஒரு இடம் காலியாக் கிடக்கு" என்றார் சீவரத்தினம். புனிதவதி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

மோரிப்பில் இறங்கினால் கடலைக் காணவில்லை! கண்ணுக்கெட்டிய மட்டும் ஈரச் சேறு, ஓடி ஒளியும் நண்டுகள், அதற்கப்பால் வெள்ளிக் கம்பிபோல் கொஞ்சம் நீர். தம்புசாமி சவுக்கு நிழலில் காரை நிறுத்திவிட்டு, அலுப்பில் அப்படியே கண்ணயர்ந்தார்.

"இஞ்சாரும், இவ்வளவு தூரம் நடக்கவேணுமே? தண்ணி கரைக்கு வரட்டும், பிறகு முழுகலாம்" என்றார் சீவரத்தினம்.

"கொக்குவில் ஆளுக்குக் கிணத்தை விட்டால் என்ன தெரியும்? எங்கடை பரவைக்கடலும் இப்பிடித்தான். முழங்கால் தண்ணியிலை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறன்! பேசாமல் வாங்கோ."

அவள் சொன்னது பொய்யில்லை. வேலணையில் அந்தக் கடல் கட்டிப்போட்ட பசுவைப்போலக் காலையில் நின்ற இடத்திலேதான் மாலையிலும் நிற்கும். மோரிப் கடல் அமாவாசையில் வெகுதூரம் விலகும்; விலகிய தூரத்தை வேகமாகத் திரும்பப் பிடிக்கும். அந்தக் கரைக்குப் புதிதாய் வந்தவளுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்?

பாலன் தகப்பன் தோளில் ஏறிக்கொண்டான். வழியில் ஒரு பள்ளத்தைக் கால் நனையாமல் கடந்தார்கள். கடலைத் தொட்டதும் புனிதவதி தகப்பன் பெயரைச் சொல்லி முழுகினாள், அழுதாள், மறுபடி முழுகினாள். பிள்ளைக்குச் சங்கு பொறுக்கிக் கொடுத்தாள். இடுப்பளவு நீரில் நிற்கிறோம் என்பது அதன்பிறகுதான் உறைத்தது.

திரும்பினார்கள். கால் நனையாமல் கடந்த பள்ளம் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

"முழங்காலளவுதான் இருக்கும். நடவுங்கோ" என்றாள். சேலையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

சீவரத்தினம் பிள்ளையோடு இறங்கினார். நடுப்பள்ளத்தில் சேறு அவரைத் தொடைவரை விழுங்கியது. ஒரு காலை இழுத்தால் மறுகால் ஆழப் போயிற்று. நீர் மார்புக்கு வந்தது.

"புனிதம், பிள்ளையைப் பிடியும்."

"நீங்கள் என்ரை கையைப் பிடியுங்கோ!"

"பிள்ளையின்ரை தலை நனையாமல் கொண்டு போம். நான் நிக்கிறன்."

தீவுக்காரிக்கு நீச்சல் தெரியும். பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தினாள். கூச்சல் கேட்டு விழித்த தம்புசாமி இடுப்பளவு நீரில் ஓடிவந்து பாலனை வாங்கிக்கொண்டார். அவள் திரும்பினாள். நிற்கிறேன் என்றவர் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டுமே இருந்தது. அலைகூட இல்லை. மறுபடி பாயப்போனவளைத் தம்புசாமி தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தார்.

அடுத்த ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்காக நீர் இறைக்கும் முறை பாலனுக்கு வந்தது. கடலுக்குப் போகலாம் என்றார்கள். புனிதவதியோ பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால் ஓடும் கிள்ளான் ஆற்றங்கரையில் அவனை நிறுத்தி, அரைஞாண் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் சின்னக் கையிலிருந்து எள்ளும் நீரும் ஆற்றில் விழுந்தன.

"அம்மா, இந்தத் தண்ணி எங்கை போகுது?"

அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

கண்களைத் துடைத்துக்கொள்ளுங்கள், என் செல்வங்களே. உங்கள் வீட்டிலிருந்து ஊர் பார்க்கப் புறப்படும் ஒவ்வொருவரும் சிரித்த முகத்தோடு திரும்பி வரட்டும். உங்கள் அடுப்பில் வைக்கும் சோற்றுக்கு உண்ணும் வாய் ஒன்றும் குறையாதிருக்கட்டும்.