பதினெட்டு செக்கன் முந்திய பலீல் நாநா

அலுவிகாரையில் சரக்குக் கடை வைத்திருக்கும் பலீல் நாநா, சென்ற ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஊரில் மற்ற எல்லாரையும்விடப் பதினெட்டு செக்கன் முன்னால் வாழ்ந்து வருகிறார். அந்த மாதம் மிளகு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. வேறு விசேஷம் எதுவும் இல்லை.

எல்லாம் அதற்கு முந்திய நோன்பில் தொடங்கியது. பலீல் நாநா பள்ளிவாசல் பாங்கைவிடத் தன் வீட்டுக் கம்பியூட்டரின் கடிகாரத்தை அதிகம் நம்பியவர். அதன் உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துக்கொண்டிருந்ததால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்தக் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஒரு நேரம் காட்டும். ஒருநாள் அது மூன்று நிமிடம் முந்திக் காட்ட, அவர் சொல்லை நம்பி வீடே நோன்பு திறந்தது. வாயில் கட்லட் இருக்கும்போது பாங்கு கேட்டது. அவர் மனைவி றமீஸா உட்பட வீடே அன்றைய நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு திரும்பவும் பிடிக்க வேண்டியதாயிற்று. இந்தச் செய்தி ஒரு மணித்தியாலத்துக்குள் தெரு முழுக்கப் பரவியது. நானே நாலு வீட்டுக்குச் சொன்னேன். ஒன்பது மணிக்குக் கல்யாணம் என்று கார்ட் அடித்துவிட்டு ஒன்பதரைக்குக் குளிக்கப் போகும் ஆட்கள் நாங்கள். ஆனாலும் அவர் பிழைவிட்ட மூன்று நிமிடத்துக்கு மூன்று மாதம் சிரித்தோம்.

அந்த அவமானத்தில் அவர் தங்கச்சி மகன் இப்திகாரைக் கூப்பிட்டார். மாத்தளை டவுனில் கம்பியூட்டர் திருத்துகிற பையன். அவன் தீப்பெட்டி அளவு ரிசீவர் ஒன்றைக் கொண்டுவந்து கூரைத் தகரத்தில் ஒட்டி, வயரை ஜன்னல் வழியாக இறக்கிக் கம்பியூட்டரில் கொடுத்தான். வானத்தில் சுற்றும் செய்மதிகள் அனுப்பும் நேரத்தை அது பிடித்து, செக்கனுக்கு ஒருதரம் சிவப்பாய்க் கண் சிமிட்டியது. ஒரேயொரு திருத்தம் பாக்கி என்றான் இப்திகார். பூமி சுற்றுவதில் கொஞ்சம் சோம்பல், அதனால் உலகத்துக் கடிகாரங்களில் இடைக்கிடை ஒரு செக்கன் கூட்டி வைப்பார்களாம். செய்மதிகள் அதைக் கணக்கெடுப்பதில்லை. ஆகவே அவை பதினெட்டு செக்கன் முன்னால் நிற்கின்றன, அதைக் கழித்துவிட வேண்டும். பலீல் நாநாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“வானத்துல இருந்து சுத்தமா வர்றத நான் ஏன் கெடுக்கணும்? மிளகுல ஒரு பப்பாசி விதை கலந்தவனில்ல நான். அப்பிடியே வையி.”

அப்படியே வைத்தார்கள். முதல் நாள் கம்பியூட்டர் மட்டும் பதினெட்டு செக்கன் முந்தியது. மூன்றாம் நாள் சுவர்க் கடிகாரமும் முந்தியது. வெள்ளிக்கிழமை பலீல் நாநாவும் முந்திவிட்டார். ஜும்ஆவுக்குப் போகிற வழியில் நாங்கள் ஸலாம் சொல்ல வாயெடுப்பதற்குள் “வஅலைக்கும் ஸலாம்” என்று சொல்லி எதிர்ப்பக்கம் போய்விட்டார். பகிடிக்கு முன்கூட்டியே சிரித்து, சொல்கிறவனின் உற்சாகத்தைக் கெடுத்தார். பள்ளிவாசல் நிர்வாகம் இரண்டு நாள் கூடிப் பேசியது. சூரியனும் எங்களைப் போலப் பிந்தித்தான் நடக்கிறது, ஆகவே அவர் ஊர்ப் பாங்குக்கே நோன்பு திறக்கட்டும் என்று முடிவாயிற்று. நாங்கள் அவரை வைத்து முன்னேறவும் முயன்றோம். மழை வருகிறது என்று அவர் சொன்னால் காயப்போட்ட கராம்பை அள்ளலாம் என்று பார்த்தோம். பாயிலிருந்து எழும்பவே எங்களுக்கு அரை நிமிடம் பிடித்தது.

நட்டப்பட்டது றமீஸாதான். இருபத்தொன்பது வருடம் எதைக் கேட்டாலும் “ம்” என்ற ஒரே பதிலைச் சொன்ன மனிதர், இப்போது கேட்க முந்தியே பதில் சொன்னார். முதல் வாரம் றமீஸாவுக்குச் சந்தோஷம். சீனி முடிந்துவிட்டது என்று சொல்ல வருவதற்குள் அவர் பையோடு வாசலில் நின்றார். பிறகு சொல்ல வந்த கதைகளெல்லாம் தொண்டையிலேயே நின்றுபோயின. பதில் வந்த பிறகு கேள்வி எதற்கு? டிசம்பர் ஆனபோது அந்த வீட்டில் ஒரு குரல்தான் கேட்டது. வீட்டை விட்டுப் போகப் போகிறேன் என்பதைக்கூட றமீஸாவால் சொல்ல முடியவில்லை. வாயைத் திறக்குமுன் பலீல் நாநா “போகாதீங்க” என்றுவிட்டார். அதை றமீஸா எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம்தான் சொன்னார்.

“நான் பேசுறதுக்கு அந்த வீட்டுல எடமில்ல. நாவுலைக்கு மக ஆதிபாட்ட போறேன். இனி வரமாட்டேன்.”

பலீல் நாநா பயந்துபோனார். தானே கூரையில் ஏறி ரிசீவரைக் கழற்றினார். கம்பியூட்டர் ஊர் நேரத்துக்குத் திரும்பியது, ஒரு வாரத்தில் பழையபடி பிழையும் விட்டது. அவர் மட்டும் திரும்பவில்லை. “மாமாவ ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ண ஏலுமா இருந்தா சரிவரும்” என்று இப்திகார் தலையைச் சொறிந்தான்.

போகிற நாளன்று பஸ் தரிப்பிடத்தில் பத்துப் பேர் நின்றோம். எனக்கு நாவுலையில் ஒரு வேலையும் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். றமீஸா பையைக் கையில் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே பலீல் நாநா வந்தார். றமீஸா எதுவும் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருந்ததால் பலீல் நாநாவிடம் முந்திச் சொல்ல ஒரு பதிலும் இருக்கவில்லை. வெறுங்கையோடு நின்றார். திடீரென்று ஒரு காரணமும் இல்லாமல் அழத் தொடங்கினார்.

றமீஸா திரும்பிப் பார்த்தார். “ஏன் அழுவுறீங்க?”

பலீல் நாநா விம்மிக்கொண்டே நின்றார். நாலு மாதத்தில் முதல் தடவையாக றமீஸா கேட்ட ஒரு கேள்வி பதில் இல்லாமல் நின்றது. அந்தக் கண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு றமீஸா பையைக் கீழே வைத்தார்.

றமீஸா பையை வைத்ததைப் பார்த்துத்தான் பலீல் நாநா அழுதார். பலீல் நாநா அழுததைப் பார்த்துத்தான் றமீஸா பையை வைத்தார். எது முந்தியது என்று நாங்கள் தரிப்பிடத்தில் சண்டை பிடித்ததில் இருபது நிமிடம் பிந்தி வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டோம். அவர்கள் இரண்டு பேரும் அதற்குள் வீட்டுக்கு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். றமீஸா வழியெல்லாம் நாலு மாதத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு போனார். பலீல் நாநா பதில் முந்திக்கொள்ளாமல் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே போனார்.