படம் நல்லா வந்திருக்கு

அனு என்ன படிக்கிறாள் என்பதைச் செஞ்சியில் ஒருவராலும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. நர்சு என்றார்கள், எக்ஸ்ரே என்றார்கள், பெயரையே படிப்பாக்கி 'அணுகுண்டு' என்று கேலி செய்தவர்களும் உண்டு. அவள் அப்பா இராமச்சந்திரன் மட்டும் விடவில்லை. 'பி.எஸ்சி. நியூக்ளியர் மெடிசின் இமேஜிங்' என்று துண்டுச்சீட்டில் தமிழில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மனப்பாடம் செய்தார். தாலுகா ஆபீசில் முப்பது வருஷமாக ஆபீஸ் அசிஸ்டென்ட். பட்டா மாற்ற வந்தவர், வருமானச் சான்றுக்கு வந்தவர், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒப்பித்துவிடுவார். "ஊசில மருந்து ஏத்துவாங்க. அது உள்ள போயி எங்க கோளாறு இருக்குதோ அங்க நின்னு காட்டிக்குடுக்கும். எம் பொண்ணு அத படம் புடிக்குது" என்று விளக்கமும் கொடுப்பார். இத்தனை சரியாகச் சொன்ன மனுஷன், அவளுடைய மூன்றாம் வருஷத்தில் அந்த ஊசி தனக்கே போடப்படும் என்று நினைத்திருக்க மாட்டார்.

ஆறு மாதமாக இடுப்பு வலி. பைக்கில் போவதால் என்றார், ஃபைல் கட்டைத் தூக்குவதால் என்றார். அனு படிக்கும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவள்தான் அடம்பிடித்து அழைத்துப் போனாள். ப்ராஸ்டேட் சுரப்பியில் கட்டி, புற்றுநோய்தான் என்று தெரிந்தது. "எலும்புக்குப் போகலன்னா பயமில்ல, குணப்படுத்திடலாம். எதுக்கும் எலும்பு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர். அந்தப் 'போகலன்னா'வைப் பிடித்துக்கொண்டுதான் வீடே ஒரு மாதம் மூச்சு விட்டது. மூத்தவள் மோனிகா ஏழு மாதம் முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளிடம் சாதாரணக் கட்டி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஸ்கேன் வெள்ளிக்கிழமை. காலையில் ஊசி போட்டதும், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கென்று இருக்கும் அறையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். மருந்து எலும்பில் சேர அவ்வளவு நேரம் ஆகும். தனிக் கழிப்பறை, பேப்பர் டம்ளரில் தண்ணீர். நாளைக் காலை வரை கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கத்தில் போகக்கூடாது, மோனிகாவிடமிருந்து தள்ளியே இருக்க வேண்டும் என்று அனு விளக்கினாள். இராமச்சந்திரன் பேப்பர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க நைனாவுக்கு டீக்கடையில தனி கிளாசு. எனக்கு ஏசி ரூமு, தனி கக்கூசு. தலைமுறைக்குத் தலைமுறை முன்னேறிக்கினுதான் இருக்கறோம், இல்ல?" என்றார்.

அனு சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, சிரித்திருக்கக் கூடாதோ என்று இருந்தது.

மதியம் அவரை மேஜையில் படுக்க வைத்து, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். "நீ வெளிய இரேன், நான் பார்த்துக்கறேன்" என்றார் ஹேமா மேடம். அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் சீனியர். அனு கேட்கவில்லை. கேமரா தலையிலிருந்து காலை நோக்கி மெதுவாக நகர, திரையில் எலும்புகள் ஒவ்வொன்றாக வந்தன. மண்டையோடு சுத்தம். கழுத்து சுத்தம். அதுவரை அவளுக்கு நம்பிக்கை இருந்தது. பிறகு விலா எலும்பில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. முதுகெலும்பில் வரிசையாக ஐந்து. இடுப்பெலும்பு வந்தபோது இடப்பக்கம் முழுக்கக் கறுத்திருந்தது. ஹேமா மேடம் அவள் தோளில் கை வைத்தார். மூன்றாம் வருஷ மாணவிக்கு அந்தப் படத்தைப் படித்துக் காட்ட யாரும் தேவையில்லை. இந்தப் படிப்பைப் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

இராமச்சந்திரன் மேஜையிலிருந்து இறங்கி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டார்: "எப்படி இருக்குது அனு?"

"படம் நல்லா வந்திருக்கு நைனா. டாக்டர் பார்த்துச் சொல்லுவாரு."

அவள் யோசித்துச் சொன்னது இல்லை. வாய் தானாகச் சொன்னது. பயிற்சிக்கு வந்த முதல் நாளே ஹேமா மேடம் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. படம் எடுக்கிறவர்கள் முடிவைச் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். யார் கேட்டாலும் இதைச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். படம் நல்லா வந்திருக்கு என்றால் ஆள் அசையவில்லை, படம் கலங்கவில்லை, திரும்ப எடுக்க வேண்டாம். அவ்வளவுதான் அர்த்தம். இருநூறு பேரிடமாவது சொல்லியிருப்பாள். கேட்டவர்களின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போயிருக்கிறாள்.

இப்போது தன் அப்பாவின் முகம் மலர்ந்தது. வாக்கியத்தின் பின்பாதி அவர் காதில் விழவே இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்து வீட்டில் அம்மாவிடம் பேசிவிட்டார். "மீனா, படம் நல்லா வந்திருக்குதாம். அனுவே சொல்லிடுச்சி."

திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினார்கள். திண்டிவனத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து அவர் பக்கத்தில் உட்கார, இராமச்சந்திரன் சட்டென்று எழுந்துகொண்டார். "நீ நல்லா குந்தும்மா" என்று முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு சீட்டு இல்லை. அனுவும் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். செஞ்சி வரைக்கும் அப்படியே வந்தார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் முகம் சுருங்கியது. எந்தெந்த எலும்பு வலிக்கிறது என்று அவளால் எண்ணிச் சொல்ல முடியும்.

"வலிகூட கொறஞ்ச மாதிரிதான் இருக்குது" என்றார் அவர்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினார். வீட்டு வாசலில் நின்று பொட்டலத்தை அனுவிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை மதிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மோனிகா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, "அங்கியே நில்லு, காலைல வரிக்கும் நா மின்னுற எலும்புக்கூடு" என்று விரட்டினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சாமி மாடத்தின் முன்னால் ஜாங்கிரிப் பொட்டலத்தை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு மாதமாக அந்த வீட்டில் இப்படிச் சத்தம் கேட்டதில்லை. எல்லாம் அனு சொன்ன ஒரே வாக்கியத்தால்.

முடிவு கேட்கத் திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். அதுவரை இப்படியே விட்டுவிடலாம், டாக்டரே சொல்லட்டும் என்று அனு முடிவு செய்தாள். அது விதிப்படி சரியும்கூட. அந்த முடிவோடுதான் காப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அனு, திங்கக்கிழமை நா வரல" என்றார் அவர். "அன்னிக்கிதான் ஆபீசுல ஜமாபந்தி ஆரம்பம், வருஷக் கணக்கெல்லாம் பாப்பாங்க. நா இல்லன்னா ஒரு ரிஜிஸ்டர் கூட கைக்கு வராது. அதான் நல்லா வந்துடுச்சே. அடுத்த மாசம் நிதானமா போயி டாக்டர பாத்துக்கலாம்."

காப்பி டம்ளர் அவள் கையிலேயே நின்றது. அந்தப் படத்தைப் பார்த்தவளுக்கு, ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று தெரியும். இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"சேர தள்ளிப் போடு. நீயும் நாளைக்கிப் புள்ள பெத்துக்க வேண்டியவ."

"எனக்கு ஒண்ணும் ஆவாது நைனா." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நா சொன்னத நீ தப்பாப் புரிஞ்சிக்கின. தப்பு என்னுதுதான். படம் நல்லா வந்திருக்குதுன்னா… படம் தெளிவா இருக்குதுன்னு அர்த்தம். அவ்வளோதான்."

அவர் அவளையே பார்த்தார். பட்டா கேட்டு வந்தவர்களுக்கு விளக்கிய அதே விஷயத்தை அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப மருந்து எங்கியாவது நின்னு காட்டிக்குடுத்துச்சா?"

"காட்டிச்சி."

"ஒரு எடத்துலயா?"

அனு இல்லை என்று தலையை ஆட்டினாள். அதற்குமேல் முடியவில்லை, அழுதுவிட்டாள். சத்தம் வராமல் அழுதாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"மருந்து இருக்குது நைனா" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "முழுசாப் போவாது. ஆனா அடக்கி வெக்கலாம். அதுக்குத்தான் திங்கக்கிழமை நீ வரணும்."

"வரேன்" என்றார். "ஜமாபந்தி நா இல்லாமலும் நடக்கும்."

அதை அவர் சொன்ன விதம் அவளுக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். "உங்க அம்மாகிட்ட இப்ப சொல்லாத. அவ மூஞ்சியில எதுவும் மறையாது, மோனிகா கண்டுபுடிச்சிடுவா. புள்ள பொறக்கட்டும்."

"கேட்டா இன்னா சொல்றது?"

"படம் நல்லா வந்திருக்குதுன்னு சொல்லு. பொய் இல்லியே அது."

உள்ளிருந்து மோனிகா குரல் கொடுத்தாள். "நைனா, காலைல கிட்ட வரலாம் இல்ல?"

"வரலாம் வரலாம். காலைக்குள்ள எல்லாம் போயிடும்னு அனு சொல்லிச்சி" என்றார் இராமச்சந்திரன், குரல் கொஞ்சமும் மாறாமல்.

அனு தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அம்மா கையில் ஜாங்கிரியோடு நின்றிருந்தாள். போனில் கேட்டது போதவில்லை அவளுக்கு, மகள் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும்.

"இன்னாடி, நெஜமாலுமே நல்லா இருக்குதா?"

"படம் நல்லா வந்திருக்கும்மா" என்றாள் அனு. டாக்டர் பார்த்துச் சொல்லுவார் என்ற பின்பாதியை இந்த முறை அவள் சொல்லவில்லை. அம்மா ஜாங்கிரியைப் பிட்டு அவள் வாயில் வைத்தாள். அனு அதை மென்று விழுங்கினாள்.