கீழ்வீட்டுச் சாவி

ஊரில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைப் பள்ளிக்கூடத்தில் வருகை எடுத்த டீச்சரைத் தவிர யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவளின் நாத்தனார் சண்டையை, இறங்குவதற்குள் அடிமுதல் நுனிவரை கேட்டுவிடுகிற ஆள். அப்பேர்ப்பட்டவள் கல்யாணமாகிக் கணவன் பின்னால் விமானம் ஏறி வந்ததிலிருந்து ஊமையாகிப்போனாள். இந்த நாட்டுப் பாஷையில் அவளுக்குத் தெரிந்தது ‘சரி’, ‘நன்றி’, ‘வணக்கம்’. இதை வைத்துக்கொண்டு எந்த நாத்தனார் கதையைக் கேட்பது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டம்மா வந்து கதவைத் தட்டினாள். வீட்டுக்காரி அவள்தான். கீழே தனியாக இருந்துகொண்டு, மாடியை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் பெட்டியோடு நின்றவள் மூச்சுவிடாமல் பேசினாள். சுவரைக் காட்டினாள். கீழே காட்டினாள். விரலை ஆட்டி ஆட்டி எதையோ அழுத்திச் சொன்னாள். வாயாடி பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டி, “சரி, சரி” என்றாள். அந்தம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு சாவியை இவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, மேலே செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாசலில் நின்ற டாக்சியில் ஏறிப் போய்விட்டாள்.

டாக்சி தெருமுனை திரும்பிய பிறகுதான் வாயாடி கையை விரித்துச் சாவியைப் பார்த்தாள். கணவனுக்குப் போன் போட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். வெளியூரில் ஏதோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று கம்பெனி அனுப்பியிருந்தது. ஞாயிறு ராத்திரிதான் வருவான்.

“சாவி எதுக்காம்?”

“தெரியலங்க.”

“என்னதான் சொன்னாங்க?”

“அது புரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன்?”

“புரியாமயா சரி சரின்னு தலையாட்டின?”

“எது கேட்டாலும் சரின்னு சொல்லி வைன்னு சொன்னது யாரு?”

அவன்தான் சொன்னான். அதற்குக் காரணமும் இருந்தது. வீடு தேடி நாய் படாத பாடு பட்டு, கடைசியில் இந்த மாடிக்கு வந்தபோது கீழ்வீட்டம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: ஆத்திர அவசரத்துக்குப் பேச முடிகிற ஆட்கள்தான் வேண்டும், உன் மனைவிக்கு எங்கள் பாஷை தெரியுமா? “தண்ணி பட்ட பாடு” என்று இவன் அள்ளிவிட்டான். அந்த ஒரு பொய்யின் மேல்தான் இவர்களுடைய கட்டில், அடுப்பு, சமையல் எல்லாம் நின்றுகொண்டிருந்தன.

“நீங்களே அவங்களுக்குப் போன் பண்ணி நைசா கேளுங்களேன்.”

“கேட்டா குட்டு உடைஞ்சிடும்டி. குளிர்காலத்துல தெருவுல நிக்கணும். பூனை கீனை ஏதாவது இருக்கும். பட்டினி போட்டுடாதே, போய்ப் பாரு.”

போனில் மொழிபெயர்க்கிற வசதி இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதை எடுத்து நீட்டினாலே சாயம் வெளுத்துவிடுமே என்றுதான் அவள் இதுவரை அந்தம்மா எதிரில் எடுத்ததில்லை.

சாவியைப் போட்டுக் கீழ்வீட்டைத் திறந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் கரண்ட் ஹீட்டர் ஒன்று சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருந்தது. வாயாடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆளில்லாத வீட்டில் இப்படி எரியவிட்டுப் போயிருக்கிறாளே, திரைச்சீலையில் பட்டால் என்ன ஆகும்? ஓடிப்போய் அணைத்தாள். அணைத்தது போதாதென்று பிளக்கையும் பிடுங்கினாள். நம்மவர்களுக்கு யார் வீட்டில் ஸ்விட்ச் எரிந்தாலும் கை சும்மா இருக்காது. 

பிறகு பூனையைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து “மியாவ்” என்றாள். இந்த ஊர்ப் பூனை வேறு மாதிரி கத்துமோ என்று வேறு மாதிரியும் கத்திப் பார்த்தாள். பூனை இல்லை. மீன் தொட்டி இல்லை. பூச்செடியைத் தொட்டால் பிளாஸ்டிக். அலமாரியைத் திறக்கிறபோதெல்லாம் உள்ளே பார்த்துக்கொள்ளச் சொன்ன பெரியவர் யாராவது உட்கார்ந்திருப்பாரோ என்று பயமாக இருந்தது.

அந்தம்மா கிளம்பிய அவசரமும் தெரிந்தது. அடுப்பு மேல் ஒரு பாத்திரம் நிறைய சூப். மேஜையில் ஒரு தட்டு, ஒரு ஸ்பூன், துணியில் சுற்றிய ரொட்டி. சோபாவில் தலையணை, கம்பளி, பக்கத்தில் ஒரு ஜோடி புதுக் காலுறை. பாவம், சாப்பிட்டு ஒரு தூக்கம் போட நினைத்தவளுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது. வாயாடி சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்தாள். சுத்தமாக இருந்த தட்டை இன்னொரு முறை கழுவிக் கவிழ்த்தாள். கம்பளியை மடித்து, தலையணையோடு அலமாரியில் அடுக்கினாள். வீட்டைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருந்தால்? அதுவும் நடக்கக்கூடியதுதானே என்று தரையையும் துடைத்துவிட்டாள்.

மேலே வந்தால் அங்கே புதுத் தலைவலி. சுவரில் இருக்கும் ஹீட்டர் ஐஸாகக் கிடந்தது. காலையில்தான் அதன்மேல் கணவனின் ஈர பனியன்களைக் காயப்போட்டிருந்தாள். காயப்போடாதே என்று அவன் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தான். தானே கெடுத்துவிட்டோம் என்று அவனிடமும் மூச்சுவிடவில்லை. இருந்த புடவைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு படுத்தாள். தூக்கம் வந்தால்தானே.

சனிக்கிழமை காலையில் இன்னொரு இடி. கையில் பையோடு ஒரு தடியன் வந்து மணி அடித்தான். இரண்டு நிமிஷம் பேசினான். பாழாய்ப்போன தலை தானாகவே ஆடிவிட்டது. அவன் நிலவறைக்கு இறங்கி டங் டங் என்று தட்டினான். ஏதோ ஒரு இரும்புச் சாமானைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, இவளுக்குக் கை அசைத்துவிட்டுப் போய்விட்டான்.

“ஏங்க, நான் தலையாட்டி, ஒருத்தன் வீட்டுச் சாமானைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க!” போனில் அழுதேவிட்டாள். “அதைப் பாத்துக்கத்தான் சாவி குடுத்தாங்களோ என்னமோ!”

அவன், “வேற வீடு பாக்க ஆரம்பிக்கறேன்” என்றான். அந்தக் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு அவள் வாசலை விட்டு நகரவில்லை. மாடிப்படியில் கம்பு மாதிரி ஒரு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, பல் கிடுகிடுக்க உட்கார்ந்து காவல் காத்தாள். தபால்காரன் வந்தபோதுகூடத் தலையை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிறு சாயங்காலம் டாக்சி வந்து நின்றது. கீழ்வீட்டம்மா படியில் இவளையும் துடைப்பத்தையும் பார்த்துத் திகைத்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே வெளியைவிடக் குளிர். காலியான சோபாவைப் பார்த்தாள், காலியான அடுப்பைப் பார்த்தாள், பிடுங்கிக் கிடந்த பிளக்கைப் பார்த்தாள். திரும்பி, மறுபடி மூச்சுவிடாமல் பேசத் தொடங்கினாள். 

வாயாடியின் தலை ஆடக் கிளம்பியது. நிறுத்தினாள். வீடு போனால் போகட்டும், இந்தத் தலையாட்டுப் பிழைப்பு இனிமேல் முடியாது என்று ஆகிவிட்டது. போனை எடுத்துத் தமிழிலேயே சொன்னாள்: “எனக்கு உங்க பாஷை தெரியாது. வெள்ளிக்கிழமை நீங்க சொன்னது ஒரு வார்த்தைகூடப் புரியல. எங்க வீட்டுக்காரர் பொய் சொல்லிட்டாரு. மன்னிச்சிடுங்க.” போன் அதை அந்தம்மா பாஷையில் திருப்பிச் சொன்னது.

அந்தம்மா போனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இவளுடைய கையைப் பிடித்தாள். பிடித்ததும் ஐயோ என்பது போல ஏதோ சொன்னாள். போனை வாங்கி, குழந்தைக்குச் சோறூட்டுகிற நிதானத்தில் பேசினாள். போன் தமிழில் சொன்னது: “வீட்டுச் சூடேற்றி கெட்டுவிட்டது. ஆள் வந்து கழற்றிக்கொண்டு போவான். திங்கள்தான் சரியாகும். மாடியில் குளிரும். கீழே வந்து தூங்கு. சூப் உனக்கு. சோபா உனக்கு.”

அலமாரியைத் திறந்து, இவள் மடித்த கம்பளியை இழுத்து இவளுடைய தோளிலேயே போர்த்தினாள். சாவியைத் திருப்பி நீட்டியபோது வாங்கவில்லை. பழையபடி விரல்களை மூடி ஒரு தட்டுத் தட்டினாள். வாயாடி அந்தப் புதுக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ரயில் நிலையத்திலிருந்து கணவன் கூப்பிட்டான். “அவங்க வந்தாச்சா? என்னத்தைப் பாத்துக்கச் சொன்னாங்களாம்?”

வாயாடி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“என்னைத்தாங்க.”